மூன்று சைக்கிள், ஒரே முட்டி: சைக்கிள் மாற்றி ஓட்டுவதால் வரும் மூட்டுவலிக்கு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் மூன்று சைக்கிள் நிற்கின்றன. அப்பா விட்டுப்போன 22 இன்ச் கறுப்பு சைக்கிள் கடைகண்ணிக்கு. நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைப்ரிட் அலுவலகத்துக்கு. வளைந்த ஹேண்டில்பார் உள்ள ரோடு பைக், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு. ஆனால் மூன்றையும் மிதிப்பது ஒரே முட்டிதான்.

இரண்டு வருடத்துக்கு முன் இடது முட்டியில், சில்லுக்குச் சற்றுக் கீழே, வலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை 30 கிலோமீட்டர் தாண்டியதும் குத்த ஆரம்பிக்கும். மற்ற நாளில் பெரிதாகத் தெரியாது. அதனால் ரோடு பைக்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டேன். வாங்கிய கடையில் கேட்டால், "ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்" என்றார்கள். புது சீட் வாங்கினேன், புது ஷூ வாங்கினேன். பணம் போனது, வலி போகவில்லை. கடைசியில் ஒரு மழை நாளில், வெளியே போக முடியாத எரிச்சலில், தையல் டேப்பை எடுத்து மூன்று சைக்கிளையும் அளந்தேன். ரோடு பைக்கின் சீட் உயரம் என் காலுக்கு ஏற்றதாகவே இருந்தது. அப்பாவின் சைக்கிளில் சீட் அதைவிட 6 செ.மீ. தாழ்வாக இருந்தது. பால், காய்கறி, மேம்பாலம் ஏறி மறுபக்கத்து மருந்துக்கடை என்று தினமும் முட்டியை மடக்கி மடக்கி நான் மிதித்தது அதைத்தான். வார நாளெல்லாம் விதைத்து ஞாயிற்றுக்கிழமை அறுத்திருக்கிறேன்.

வலி எந்த சைக்கிளில் தெரிகிறதோ அந்த சைக்கிள்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றித்தான் போகும். உங்களிடம் இரண்டு சைக்கிள் இருந்தாலும், வீட்டில் ஒன்றும் ஜிம்மில் ஒன்றும் என்றாலும் இதே முறைதான்.

படி 1: முதலில், இது வீட்டில் சரிசெய்யக்கூடிய வலிதானா?

முட்டி வீங்கியிருக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, மடக்கினால் பூட்டிக்கொள்கிறது, நடக்கும்போது திடீரென்று நழுவுகிறது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது, கீழே விழுந்த பிறகு வந்த வலி — இதில் ஒன்று இருந்தாலும் ஸ்பேனரை எடுக்க வேண்டாம், எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். விரல் மரத்துப்போனது மறுநாள் காலையிலும் தெளியவில்லை என்றாலும் அப்படித்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்கு நான் பெர்னார்ட் இனோவைச் சொல்வேன். பிரான்ஸைச் சுற்றி நடக்கும் பெரிய சைக்கிள் போட்டியான டூர் டி பிரான்ஸை ஐந்து முறை வென்ற ஆள். 1980இல், முன்னிலையில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சி தன் முதுகில் இருக்கும்போதே, முட்டி வலி தாங்காமல் 'போ' (Pau) என்ற ஊரில் அந்தப் போட்டியை விட்டு விலகினார். பால் வாங்கப் போகிற நமக்கு விலகுவதில் என்ன வெட்கம்?

மணிக்கு 4,800 தடவை. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒவ்வொரு முட்டியும் ஒரு மணி நேரத்தில் அத்தனை முறை மடங்கி நீள்கிறது. ஒரு சிறு கோளாறும் இந்தக் கணக்கில் பெரிதாகிவிடும்.

படி 2: வலி எங்கே என்று விரல் வைத்துக் காட்டுங்கள்

"முட்டி வலி" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஒரு விரலை வைத்து இடத்தைக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

முட்டிக்கு முன்னால், சில்லைச் சுற்றி என்றால் பெரும்பாலும் சீட் தாழ்வு. அல்லது சீட் ரொம்ப முன்னால் இருக்கிறது, கனமான கியரைத் தள்ளுகிறீர்கள். முட்டிக்குப் பின்னால், மடிப்பில் இழுக்கிறது என்றால் சீட் உயரம் அதிகம், அல்லது ரொம்பப் பின்னால் இருக்கிறது. பெடல் அடியில் போகும்போது கால் எட்டாமல் நுனிவிரலால் துழாவுகிறீர்கள் என்று அர்த்தம். இடுப்பு வலமும் இடமும் ஆடுகிறதா என்று பின்னால் வரும் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் சந்தேகமே வேண்டாம்.

முட்டியின் வெளிப்பக்கமோ உள்பக்கமோ வலித்தால் கவனம் பாதத்துக்குப் போக வேண்டும்: பாதம் திரும்பியிருக்கும் கோணம், இரண்டு பாதத்துக்கும் நடுவே உள்ள அகலம். வெளிப்பக்கத்து வலிக்கு உயரமான சீட்டும் ஒரு காரணம்.

தொடை மேலே வரும்போது இடுப்பு மடிப்பில் கவ்வுகிறது என்றால், தாழ்ந்த சீட்டும் குனிந்த முதுகும் சேர்ந்துகொண்டன. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்குகிறது. பிடரி வலித்தால் குனிந்துகொண்டே தலையை நிமிர்த்திப் பார்க்கிறீர்கள். 

படி 3: ஒரு "அளவு சைக்கிளை" முடிவு செய்யுங்கள்

புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது, சரியாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கூடவே கொடுப்பார்கள் இல்லையா, அளவு ஜாக்கெட் என்று? அதே வேலைதான் இங்கேயும். உங்களிடம் உள்ளவற்றில், ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகும் கால் மூட்டு தொந்தரவு தராத சைக்கிள் எது? அதுதான் அளவு. அது விலை கூடியதாக இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

எல்லாமே வலிக்கிறது என்றால் ஒன்றைப் புதிதாகச் சரிசெய்து அதை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். ஒரு தடித்த அட்டைப் புத்தகத்தைக் கவட்டையில் நன்றாக அழுந்தும்படி மேலே ஏற்றி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உள்கால் நீளம். எனக்கு 82 செ.மீ.

இதை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) சுற்றுகிற அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் வரும். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் பரவிய கணக்கு இது. எனக்கு 72.4 செ.மீ. இன்னொரு கணக்கு 1967இல் ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது: உள்கால் நீளத்தை 1.09ஆல் பெருக்கினால், பெடல் அடியில் இருக்கும்போது பெடல் அச்சிலிருந்து சீட் மேல்பரப்பு வரை உள்ள தூரம். எனக்கு 89.4. அதில் 17 செ.மீ. கிராங்கைக் கழித்தால் மறுபடியும் அதே 72.4. ஆனால் ஹாம்லியும் தாமஸும் தேடியது மூட்டு சுகத்தை இல்லை, மிதிப்பதில் அதிகபட்ச சக்தியை. அதனால் இந்த எண்ணை உச்சவரம்பு மாதிரி வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு செ.மீ. தாழ்த்தி ஆரம்பிப்பேன்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்குக் குதிகால் முறை. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். கிராங்க் சீட் கம்பத்துக்கு நேர்கோட்டில் கீழே இருக்க, குதிகாலைப் பெடலில் வையுங்கள். கால் நேராக நீண்டு, இடுப்பு சாயாமல் இருக்க வேண்டும். பிறகு முன்பாதத்தைப் பெடலில் வைத்தால் முட்டி லேசாக மடங்கும். 25 முதல் 35 டிகிரிக்குள் மடங்கினால் நல்லது. பக்கவாட்டில் போனில் ஒரு படம் எடுத்தால் கோணத்தைப் பார்த்துக்கொள்ளலாம். எப்போதும் எந்தக் காலணியோடு ஓட்டுவீர்களோ அதோடு செய்யுங்கள். தடித்த ரப்பர் செருப்புக்கும் மெல்லிய சைக்கிள் ஷூவுக்கும் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும்.

படி 4: எல்லா சைக்கிளையும் அளந்து ஒரே தாளில் எழுதுங்கள்

தையல் டேப், ஒரு பென்சில், ஒரு தாள். சமதரை, நேரான சுவர். அவ்வளவுதான் கருவி.

முதலில் சீட் உயரம். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து, சீட் கம்பத்தை ஒட்டியே டேப்பைப் பிடித்து, சீட்டின் மேல்பரப்பு வரை.

அடுத்தது சீட் எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பது. கொத்தனாரின் தூக்குக்குண்டை சீட் மூக்கிலிருந்து தொங்கவிட்டு அளக்கலாம். எனக்குப் பிடித்தது சுவர் முறை. சைக்கிளின் பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டி நிறுத்துங்கள். கேரியர் முட்டினாலும் பரவாயில்லை. சுவரிலிருந்து கிராங்க் அச்சு நடுவுக்கு எவ்வளவு, சுவரிலிருந்து சீட் மூக்குக்கு எவ்வளவு என்று அளந்து கழித்தால் வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை. சீட்டுகள் ஒரே நீளம் கிடையாது. சிலதுக்கு மூக்கு 3 செ.மீ. குட்டை. அப்படி இருந்தால் மூக்கை விட்டுவிட்டு, சீட் 8 செ.மீ. அகலமாகிற இடத்தைப் பென்சிலால் குறித்து அங்கிருந்து அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

சீட் மூக்கிலிருந்து கை பிடிக்கிற இடம்வரை ஒரு அளவு. தரையிலிருந்து சீட்டுக்கும், தரையிலிருந்து கைப்பிடிக்கும் உள்ள உயரங்களின் வித்தியாசம் ஒரு அளவு. கிராங்க் நீளம் பெரும்பாலும் பெடல் மாட்டும் இடத்தருகே உள்பக்கம் பொறித்திருக்கும்: 165, 170, 175. அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். இல்லையென்றால் அச்சின் நடுவிலிருந்து பெடல் துளையின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். கடைசியாக இரண்டு கிராங்கின் வெளிமுகத்துக்கும் நடுவே உள்ள அகலம்.

எனக்குக் கண் திறந்தது இந்தத் தாளைப் பார்த்தபோதுதான். மூன்று பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபின், என்னவோ மூன்று வேறு ஆட்களுக்கு அளவெடுத்தது போல இருந்தது. சீட் உயரம் மட்டும்: ரோடு பைக் 72 செ.மீ., ஹைப்ரிட் 69, அப்பா சைக்கிள் 66.

படி 5: காலை மட்டும் எல்லா சைக்கிளிலும் ஒன்றாக்குங்கள்

மூன்று சைக்கிளிலும் முதுகும் கையும் வேறு வேறு நிலையில் இருக்கலாம், இருக்கத்தான் செய்யும். அதற்காகத்தானே மூன்று வைத்திருக்கிறோம். ஆனால் சீட், கிராங்க் அச்சு, பெடல் இந்த மூன்றும் சேர்ந்த முக்கோணம் மட்டும் முடிந்தவரை ஒன்றாக இருக்கட்டும். என் அனுபவத்தில் கால் மூட்டுத் தொல்லையில் பெரும்பங்கு இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

முதலில் உயரம். கிராங்க் நீளம் ஒன்றாக இருந்தால் அளவு சைக்கிளின் எண்ணை அப்படியே வைக்கலாம். வேறாக இருந்தால் ஈடுகட்ட வேண்டும். 165 மி.மீ. கிராங்க் உள்ள சைக்கிளில், 170 உள்ளதைவிட சீட்டை 5 மி.மீ. ஏற்றினால்தான் அடியில் கால் அதே அளவு நீளும். கிராங்க் நீளமாக ஆக மேலே வரும்போது முட்டி இன்னும் இறுக்கமாக மடங்கும். 165க்குச் சரியான சீட்டை 175க்கு ஏற்றபடி ஒரு செ.மீ. இறக்கினால், மேல்சுற்றில் பெடல் 2 செ.மீ. நெருங்கி வருகிறது. முன்முட்டி வலி உள்ளவர்கள் புது சைக்கிள் வாங்கும்போது கிராங்க் நீளத்தையும் கேட்டு வாங்கலாம்.

அடுத்து முன்பின். இங்கேதான் சாதா சைக்கிள் முரண்டு பிடிக்கும். ரோடு பைக்கில் சீட் குழாய் தரையோடு ஏறக்குறைய 73 டிகிரியில் நிற்கும். அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளில் 68 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கும். 72 செ.மீ. உயரத்தில் இந்த 5 டிகிரி, சீட்டை ஏறக்குறைய 6 செ.மீ. பின்னால் கொண்டுபோய்விடுகிறது. முழுவதும் ஈடுகட்ட முடியாது. ஆனால் பாதி முடியும். சாதா சைக்கிள் சீட்டைக் கம்பியோடு இணைக்கும் கிளாம்பு பொதுவாகக் கம்பிக்குப் பின்னால் இருக்கும்படி மாட்டியிருப்பார்கள். அதைத் திருப்பி முன்பக்கம் வரும்படி மாட்டினால் சீட் 2, 3 செ.மீ. முன்னால் வரும். மீதி வித்தியாசத்தை விட்டுவிடலாம். நிமிர்ந்து உட்காரும்போது எடை பின்னால்தான் போகும், அதற்கு ஓரளவு பின்னே இருக்கும் சீட் பொருத்தம்தான்.

முன்பின் மாற்றியதும் உயரத்தைத் திரும்ப அளங்கள். 73 டிகிரி சைக்கிளில் சீட்டை ஒரு செ.மீ. பின்னால் தள்ளினால் அச்சிலிருந்து தூரம் 3 மி.மீ. கூடும். இதை மறப்பவர்கள் நிறைய, நானும் மறந்திருக்கிறேன்.

ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். என்னுடைய 6 செ.மீ. வித்தியாசத்தைச் சரிசெய்ய ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டேன். முதல் முறை கடைக்குக் கொண்டுபோனபோது, துருப்பிடித்து இறுகிய சீட் கம்பிக்கு எண்ணெய் விட்டுத் தட்டிக்கொண்டே கடைக்காரர் கேட்டார், "இவ்ளோ ஏத்தினா கால் எட்டாது அண்ணே?" நான் "உட்கார்ந்திருக்கும்போது எட்ட வேண்டாம்பா" என்றேன். நம்பாமல்தான் ஏற்றிக் கொடுத்தார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பிறகு பாருக்கு மேலே காலைப் போட்டு, இரண்டு காலும் தரையில் ஊன்றினால்தான் சைக்கிள் நம் கட்டுப்பாட்டில் இருப்பதாக நினைத்து வளர்ந்தவர்கள் நாம். சீட் உயரமானால் நிறுத்தும் பழக்கத்தை மாற்ற வேண்டும். பிரேக் பிடித்து வேகம் குறையும்போதே சீட்டிலிருந்து முன்னால் நழுவி இறங்கி ஒரு காலைத் தரையில் ஊன்றுங்கள், மறுகால் பெடலிலேயே இருக்கட்டும். காலியான தெருவில் பத்துத் தடவை செய்து பாருங்கள். சந்தைக் கூட்டத்தில் அடிக்கடி நிறுத்தி ஏறுகிற சைக்கிள் என்றால் ஒரு செ.மீ., ஒன்றரை செ.மீ. தாழ்வாக விட்டு வைப்பதில் தப்பில்லை. நானும் அப்பா சைக்கிளில் அப்படித்தான் விட்டிருக்கிறேன். ஸ்பிரிங் வைத்த சீட் உட்கார்ந்ததும் அமுங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். வெறும் சீட்டை அளந்தால் உண்மையான உயரம் தெரியாது.

சீட் கம்பியில் "இதற்கு மேல் ஏற்றாதே" என்று ஒரு கோடு இருக்கும். அது வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் நீளமான கம்பி வாங்குங்கள்.

சீட் மட்டமாக இருக்கட்டும். மூக்கு கீழே சாய்ந்தால் நீங்கள் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், அதைத் தடுக்கும் வேலை மணிக்கட்டுக்கும் தோளுக்கும் போகும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு எழுதுங்கள். பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1969இல் பிரான்ஸின் புளுவா நகரத்தில் விழுந்து அடிபட்ட பிறகு, சீட் உயரத்தைச் சதா மாற்றிக்கொண்டே இருந்தார், போட்டியின் நடுவிலும்கூட. அவர் உடம்புக்கு அது தேவைப்பட்டது. நம்மைப் போன்றவர்கள் தினம் ஒரு உயரம் வைத்தால் எது நல்லது எது கெட்டது என்று எப்போதும் தெரியாது.

படி 6: பாதம்

சாதா சைக்கிளில் செருப்புப் போட்டு நடுப்பாதத்தால் மிதிக்கிறோம். ரோடு பைக்கில் முன்பாதத்தால். நடுப்பாதத்தால் மிதித்தால் கால் சற்றுக் குட்டையானது போல ஆகிவிடும், தாழ்ந்த சீட்தான் வசதி என்று தோன்றும். இரண்டிலும் ஒரே இடத்தால் மிதிக்கப் பழகுவது நல்லது. முன்பாதத்தின் தடித்த பகுதி பெடல் அச்சுக்கு மேலேயோ, அதற்கு அரை செ.மீ. முன்னாலோ இருக்கட்டும்.

ரோடு பைக்கில் ஷூவைப் பெடலில் பூட்டிக்கொள்பவர்கள், ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கட்டை, அதாவது கிளீட், பாதத்துக்கு எவ்வளவு அசைவு தருகிறது என்று பார்க்க வேண்டும். ஷிமானோ கம்பெனியின் ரோடு கிளீட்டில் மஞ்சள் 6 டிகிரி அசையும், நீலம் 2, சிவப்பு அசையவே அசையாது. வாரம் முழுக்கத் திறந்த பெடலில் பாதம் இஷ்டப்படி திரும்பியிருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சிவப்பில் பூட்டினால் முட்டிக்குத்தான் முறுக்கு. மஞ்சளே போதும். மேஜை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள், பாதம் தானாக எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அந்தப் பக்கமே கிளீட்டும் திரும்பியிருக்கட்டும்.

அகலத்தைப் பொறுத்தவரை, ரோடு பைக்கில் கிராங்குகளின் வெளிமுக அகலம் சுமார் 15 செ.மீ., மலை சைக்கிளில் 17, 18. இதை மாற்றுவது செலவு. உள்பக்க அல்லது வெளிப்பக்க வலி உள்ளவர்கள் மட்டும் யோசித்தால் போதும். அகலக் கிராங்கில் பாதத்தைப் பெடலின் உள்விளிம்பை ஒட்டி வைத்தாலே ஒரு செ.மீ. குறையும். பெடலை நீங்களே மாற்றினால், இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதை மறக்க வேண்டாம்.

படி 7: கையும் தோளும்

இங்கே ஒன்றாக்க முயல வேண்டாம், உறுத்தலை மட்டும் குறையுங்கள். சாதா சைக்கிளில் இரண்டு உள்ளங்கையும் ஒன்றையொன்று பார்க்கும், மணிக்கட்டுக்கு மிக இயல்பான நிலை அது. நேர் ஹேண்டில்பாரில் உள்ளங்கை தரையைப் பார்க்கும், மணிக்கட்டு திருகிக்கொள்ளும். வார நாளில் ஒன்றில் பழகி அடுத்ததற்குப் போகும்போது கை முணுமுணுப்பது அதனால்தான்.

நேர் ஹேண்டில்பாரில் பிரேக் நெம்புகோலைச் சரித்து வையுங்கள், முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரவேண்டும். ஹேண்டில்பார் உங்கள் தோளைவிட ரொம்ப அகலம் என்றால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு செ.மீ. அறுத்துப் பார்க்கலாம். அறுத்ததை ஒட்ட முடியாது, அதனால் முதலில் கைப்பிடியை உள்ளே தள்ளி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அறுங்கள்.

ரோடு பைக்கில் ரொம்பக் குனிய வேண்டியிருந்தால், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் குட்டைத் துண்டான ஸ்டெம்மைக் கழற்றித் திருப்பிப் போடுவது செலவில்லாத வைத்தியம். 100 மி.மீ. நீளம், 6 டிகிரி சரிவு உள்ள ஸ்டெம் இதனால் ஏறக்குறைய 2 செ.மீ. உயரும். அப்புறம் காற்று. ரோடு பைக் டயரில் 110, 120 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) ஏற்றினால்தான் கெத்து என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 28 மி.மீ. டயருக்கு, 70 கிலோ ஆளுக்கு, 75 முதல் 80 போதும். சாலை அதிர்வு முழுக்க மணிக்கட்டுக்கு வருவது குறையும்.

அப்பா சைக்கிளில் கை சொகுசு, ஆனால் குழியில் இறங்கினால் அடி நேராகக் கீழ்முதுகில் விழும். குழி வருவது தெரிந்ததும் பெடல்களைச் சமமாக வைத்து, சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்பினால் போதும், முட்டி ஸ்பிரிங் போல வாங்கிக்கொள்ளும். கம்பி பிரேக் உள்ள சைக்கிளில் ஹேண்டில்பாரை ஏற்றினால் பிரேக் கம்பிகளையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

படி 8: கியர்

ரோடு பைக்கில் லேசான கியரில் வேகமாகச் சுற்றிப் பழகிய கால், கியரே இல்லாத சைக்கிளில் ஏறி மேம்பாலம் ஏறினால் என்ன ஆகும்? நிமிடத்துக்கு 40 சுற்று, ஒவ்வொன்றும் முழு எடையோடு. சீட் சரியாக இருந்தாலும் முன்முட்டி முனகும்.

அப்பா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. பின் பல்சக்கரத்தை 20 பல்லாக மாற்றினேன். மிதிக்கும் கனம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. சமதரையில் கொஞ்சம் வேகம் குறைந்தது, காய்கறி வாங்க அவ்வளவு வேகம் எதற்கு? இந்த வழிகாட்டியில் உள்ளதிலேயே செலவு குறைந்த, பலன் அதிகமான மாற்றங்களில் இதுவும் ஒன்று. அதற்கும் மேலே மேம்பாலம் செங்குத்தாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை, பார்த்தாலும் என்ன.

படி 9: மாற்றி ஓட்டும்போது

அளவெல்லாம் ஒத்துப்போன பிறகும், சைக்கிள் மாற்றியதும் முதல் பத்து நிமிடம் லேசான கியர். பல நாள் தொடாத சைக்கிளை எடுத்தால் அன்றைக்கு வழக்கமான தூரத்தில் பாதி போதும். மழைக்காலம் முழுக்க ரோடு பைக்கைத் துணி போட்டு மூடிவிட்டு, ஜனவரியில் எடுத்த முதல் நாளே நூறு கிலோமீட்டர் போகிறவர்கள்தான் பிப்ரவரியில் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாரத்தில் ஒரு சைக்கிளை மட்டும் ஓட்டிவிட்டு, மற்றதை மாதம் ஒருமுறை தொடுவதைவிட, இரண்டையும் வாரம் ஒருமுறையாவது கொஞ்ச தூரம் ஓட்டுவது உடம்புக்கு எளிது. இரண்டு வாரம் இந்தப் படிகளைச் செய்தும் வலி அசையவில்லை என்றால் அளவெடுப்பதை நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரிடம் போங்கள். போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். "எப்போதிலிருந்து, எந்த சைக்கிளில், எத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு" என்று அவர் கேட்பார்.

ஜிம்மில் ஓட்டுபவர்கள் சீட் கம்பத்தில் உள்ள எண்ணை போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் அந்த எண் மாறும், அதனால் ஒரே சைக்கிளைப் பிடிக்கப் பாருங்கள். தெருவில் வாடகைக்கு எடுக்கும் பொது சைக்கிளுக்குக் குதிகால் முறையே போதும், அரை நிமிட வேலை.

ஒரே சைக்கிளை வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவதும் மாற்றி ஓட்டுவதுதான். எங்கள் ஹைப்ரிட்டை இப்போது மகளும் எடுத்துப் போகிறாள். அவள் உயரத்துக்கு இறக்கிவிட்டு அப்படியே வைத்துவிடுவாள், நான் காலையில் அவசரத்தில் அப்படியே ஏறிப் போய்விடுவேன். மூன்றாம் நாள் முட்டி சொல்லிவிடும். சீட் கம்பியில் பெயிண்டால் கோடு போட்டேன், எனக்குச் சிவப்பு, அவளுக்குப் பச்சை. போன வாரம் பார்த்தால் பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சைக் கோடு இருந்தது. வளர்ந்துவிட்டாளாம், இரண்டு செ.மீ.